தாலி கட்டுவதற்குள் முதலிடம்

பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நடந்தால் மட்டுமே பாயிண்ட் ஏறும் அந்த ஆப்பில், மூன்று வாரமாகச் சிதம்பரம் மச்சானும் அவர் மகனும்தான் முதலிடம். கொஞ்சம் பின்னால் நானும் என் மகள் யாழினியும். மச்சான் தினமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டு வெறுப்பேற்றுவார்.

இன்று திருவந்திபுரம் கோயிலில் சொந்தக்காரர் கல்யாணம். பெரிய முகூர்த்த நாள். கோயிலுக்கு வெகு தூரத்திலேயே வண்டிகள் நின்றுவிட்டன.

யாழினி ஆட்டோவிலிருந்து குதித்தாள். "எறங்குப்பா, நடக்கலாம். பாயிண்டும் ஏறும்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். வழியில் மச்சானின் கார். உள்ளே ஏசியில் அப்பாவும் மகனும்.

"மாப்ள, வெயில்ல ஏன் நடக்குறீங்க? ஏறுங்க, அஞ்சு நிமிசத்துல கிளியர் ஆயிடும்."

"நீங்க வாங்க மச்சான்."

தாலி கட்டும்போது அட்சதை போட நாங்கள் இருந்தோம். மச்சான் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் யாழினி போனை நீட்டினாள். "மாமா, இப்ப யாரு ஃபர்ஸ்ட்டுன்னு பாருங்க."

பார்த்தார். பாயசம்கூட வாங்காமல் மகனைப் பந்தியிலிருந்து எழுப்பிக்கொண்டு, விட்ட பாயிண்டைப் பிடிக்க, கோயிலுக்கு எதிரே இருக்கும் மலையின் படிகளில் ஏறப் போயிருக்கிறார்.

நான் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட்டுவிட்டு, இரண்டாவது முறை பாயசம் வாங்கினேன்.

கல்யாணச் சாப்பாட்டோடு அந்த மலை ஏறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மச்சான் எத்தனையாவது படியில் உட்காருவார்?