நிலைப்படியில் முழங்கால்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விசுவாசத்தை ஊட்டுவது எப்படி என்று தாய் தகப்பனுக்குச் சொல்லித்தர, எங்கள் விக்கிரமசிங்கபுரம் மாதா கோயிலிலிருந்து ஒரு மனிதரை அனுப்பியிருந்தார்கள். ஒல்லி உடம்பு, மை அடித்த மீசை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். என் வீட்டு நாற்காலியில் என்றைக்குமே தூசி கிடையாது.

எனக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது. ஜெபமாலையில் ஒருவர் முன்பாதி சொன்னால் மற்றவர் பின்பாதி சொல்ல வேண்டும். நாங்களோ, நான் முன்னறையிலும் அவள் அடுப்படியிலுமாக, இரண்டு பாதியையும் தனித்தனியே சொல்லிக்கொள்வோம். பேத்தி அந்த நேரம் தெருவில் விளையாடுவாள்.

அவர் வந்தது சரியாக ஜெப நேரம். முன்னறையிலும் அடுப்படியிலும் தனித்தனியே ஜெபம் நடப்பது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏம்மா, பிள்ள எந்தப் பக்கம் முழங்கால் போடும்?" என்றார்.

"வந்த சோலியப் பாருங்க. என் ஜெபத்துல என்ன கொறயக் கண்டிய?" என்றேன்.

"கொறயா? இந்த வீட்ல ரெண்டு மாதால்லா இருக்காவ!" என்று சிரித்தார். பேத்தியைக் கூப்பிட்டு, அடுப்படி நிலைப்படியில் முழங்கால் போட வைத்தார். "இங்கனயே இரு தாயி. ரெண்டு பேருக்கும் நீயே பின்பாதி சொல்லு."

அன்றிலிருந்து அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பி, மூச்சு வாங்கப் பதில் சொல்லிவந்தாள்.

நேற்று அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் முன்பாதி பதிலில்லாமல் நின்றது. அடுப்படியில் மருமகளின் முன்பாதியும் அப்படியே நின்றது. பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க, பழையபடி இரண்டு பாதியையும் நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகிவிட்டது.

அந்த மீசைக்காரர் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இனி வந்தால் நாற்காலி போடமாட்டேன்.