சிதம்பரத்தில் ஒரு சீனப் பரீட்சை

அதுவரை கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவிலிருந்து அதிக தூரம் போனவர் என்றால் துபாய்க்குப் போன ஒரு எலக்ட்ரீஷியன்தான். மாமா சீனா போகப்போகிறார் என்ற செய்தி வந்ததும் அந்த எலக்ட்ரீஷியனின் பெருமை ஒரே நாளில் சரிந்துவிட்டது. ஒருவர் செல்போன் கேட்டார், இன்னொருவர் அழுதால் கண்ணீர் வரும் பொம்மை கேட்டார், இஸ்திரி போடுகிறவர் சின்னதாக ஒரு டிவி கிடைக்குமா என்று கேட்டார். மாமா எல்லோருக்கும் தலையாட்டினார். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூட வயதிலிருந்தே அம்மாதான் அவரை வளர்த்தார். தட்டுத் தடுமாறி டிப்ளமோ முடித்து, குடிகாட்டுப் பக்கம் ஒரு சாயக் கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கம்பெனி சீனாவில் ஒரு புது மெஷின் வாங்கியிருந்தது. அதை ஓட்டவும் கழற்றி மாட்டவும் கற்றுக்கொண்டு வர மேனேஜரோடு மாமாவும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. மேனேஜருக்கு மாமாவின் கை வேலையில் சந்தேகமே இல்லை. அவருடைய கவலை வேறு.

"மெஷின நீ கத்துக்குவ, அத நான் பாத்துக்கிறேன். ஆனா தெனம் விருந்து வெப்பாங்களாம். எப்புடி உக்காரணும், எப்புடி எடுக்கணும்னு ஆயிரம் மொற இருக்காம். அங்க வந்து என் மானத்த வாங்கிடாத" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதே சமயத்தில்தான் மாமாவுக்குச் சிதம்பரத்தில் பெண் பார்த்தோம். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பெண் வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் என்று கூப்பிட்டேன். அவருக்கு அம்மா இல்லை. அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பச்சைக் கொடி காட்டிப் பழகிய மனிதர் என்றாலும் அன்றைக்கு எந்தக் கொடியும் காட்டவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில், பேச்சு முடிவாகும்வரை கை நனைக்க மாட்டோம். அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். அதனால் தட்டில் வந்த கேசரியும் பஜ்ஜியும் வந்த வழியே திரும்பிப் போயின. நான் அவற்றைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மிஸ் மாமாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சீனா போறீங்களாமே, சீனாவப் பத்தி என்னா தெரியும்?"

"பெரிய செவுரு ஒண்ணு இருக்குதுங்க."

"அத யாரு கட்டுனாங்க?"

"கொத்தனாருங்கதான் கட்டியிருப்பாங்க" என்றார் மாமா, வெகு மரியாதையாக.

மிஸ் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல, மனம்விட்ட சிரிப்பு. ராஜா பேரைச் சொல்லாமல் கட்டினவனைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றும் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிடமே அவர் தன் மனதில் பாதியை அந்த வீட்டில் விட்டுவிட்டார் என்பது பஸ்ஸில் அவர் கடலூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்ததில் தெரிந்தது. அம்மா மட்டும், "படிப்பு ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. நீ போயிட்டு வா, அப்பறம் பாக்கலாம்" என்றார். மிஸ்ஸின் அப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார்: மாப்பிள்ளை முதலில் சீனா போய்விட்டு வரட்டும்.

ஆனால் தரகர் வேறொரு சேதி கொண்டு வந்தார். விருத்தாசலத்திலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் வீட்டில் மிஸ்ஸைப் பார்க்க வரப்போகிறார்களாம், அதுவும் மாமா சீனாவில் இருக்கும் நாட்களில். மாமா அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மெஷினைக் கற்றுக்கொண்டு திரும்புவதற்குள் அந்தப் பெண் வேறு வீட்டுக்குப் பேசி முடிக்கப்பட்டுவிடலாம். இது எனக்கே புரிந்தது.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மாமா அப்போதுதான் ஒரு காரியம் செய்தார். சிதம்பரத்துக்குப் போன் போட்டு, மேனேஜர் இப்படிச் சொல்கிறார், சீனாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிஸ்ஸின் அப்பாவிடம் கேட்டார். மகளின் படிப்பில் அவருக்கு அவ்வளவு கர்வம். சீனா, ஜப்பான் வரலாறுதான் அவள் எடுக்கிற பாடம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டார். வேலை விஷயம் என்பதால் அம்மாவால் தடுக்க முடியவில்லை. என்னைத் துணைக்கு அனுப்பினார்.

"தண்ணி மட்டும் குடிக்கலாம். வேற எதையும் தொடக் கூடாது, நீயும் சரி, மாமாவும் சரி. பாத்துக்க" என்றார் என்னிடம். போலீஸ் வேலை கிடைத்த மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

"என்னா மச்சான், சீனா போறியா, சிதம்பரம் போறியா?" என்றார் அப்பா. மாமா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பஸ் ஏறினோம். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் இடத்தைத் தாண்டும்போது பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும். மாமா மட்டும் பொத்த மாட்டார். அங்கே உள்ளே நிற்பவர்கள் பொத்திக்கொண்டா நிற்கிறார்கள் என்பார்.

மிஸ் வீட்டு முன்னறையில் ஒரு மேசை. ஒரு பக்கம் மிஸ், எதிரே மாமாவும் நானும். மூலையில் சாய்வு நாற்காலியில் அவருடைய அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மிஸ் பாடம் எடுக்க ஆரம்பித்தால் எனக்கு நாற்காலியின் நுனிதான் இருக்கை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றால் வருடங்கள். இவர் சொன்னதில் ஆட்கள் இருந்தார்கள். வெள்ளத்தை அணை போட்டு நிறுத்தாமல், ஆற்றை இரண்டாகப் பிரித்துவிட்டு அடக்கிய ஒரு அதிகாரியைப் பற்றிச் சொன்னார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தண்ணீர் இன்றும் வயலுக்குப் பாய்கிறதாம். "நம்ம வீராணம் மாதிரின்னு வெச்சிக்கங்க. வெட்டுனவன் போயிட்டான், தண்ணி போவல" என்றார். மாமா, அந்தத் தண்ணீரில் மண் சேராமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். மிஸ் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். இந்தக் கேள்வியை எந்த மாணவியும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் படித்துக்கொண்டு வந்து பதில் சொன்னார்.

அரசாங்க வேலைக்கு அங்கே நடந்த பரீட்சையைப் பற்றியும் சொன்னார். குடியானவன் மகனும் எழுதலாம். ஒரு ஆள் உட்காரும் அளவு சின்னச் சின்ன அறைகள். இரண்டு நாள், மூன்று நாள் உள்ளேயே இருந்து எழுத வேண்டும். தேறாதவர்கள் தலை நரைத்த பிறகும் வந்து எழுதுவார்களாம்.

"அரியர் வெச்சிருந்தா அப்புடித்தாங்க. நானும் கணக்குல வெச்சிருந்தேன்" என்றார் மாமா.

"எழுதி முடிச்சீங்கல்ல?"

"முடிச்சேன்."

"அப்பறம் என்னா" என்றார் மிஸ். மாமாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எங்கள் சோழ ராஜா சீனத்துக்குத் தூது அனுப்பியதையும், அங்கே ஒரு துறைமுகத்தில் தமிழ் வியாபாரிகள் சிவன் கோவில் கட்டியதையும், அதன் கற்கள் இன்னும் இருப்பதையும் சொன்ன அன்று எனக்குப் புல்லரித்தது. நம் ஆட்கள் பாய்மரத்தில் போன இடத்துக்குத்தான் மாமா விமானத்தில் போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

வரலாறு முடிந்ததும் மரியாதைகள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதும் பையில் போடாமல் படித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் வெந்நீர்தான் குடிப்பார்கள். இது எங்களுக்கு வசதியாகப் போயிற்று; அம்மா அனுமதித்த தண்ணீரையே மிஸ் சுடவைத்துக் கொடுத்தார், சீன வழக்கமும் எங்கள் வழக்கமும் ஒன்றாகக் காப்பாற்றப்பட்டன. சாப்பாட்டுக் குச்சிக்கு மூங்கிலைச் சீவி வைத்திருந்தார். அவற்றால் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் புளியங்கொட்டையை மாற்ற வேண்டும். ஸ்க்ரூவைப் பிடித்துப் பழகிய மாமாவின் விரல்களுக்கு அது இரண்டே வாரத்தில் வசப்பட்டது. எனக்குத்தான் கொட்டைகள் ரயில்வே கார்டின் காலடி வரை ஓடின. அவர் பேப்பரை இறக்காமலே காலால் திருப்பித் தள்ளுவார்.

எல்லாவற்றிலும் முக்கியம் என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. "தட்ட வழிச்சிக் காலி பண்ணாதீங்க. காலி பண்ணா இன்னும் வேணும்னு அர்த்தம், வெச்சிகிட்டே இருப்பாங்க. போதும்னா கொஞ்சம் மிச்சம் வெக்கணும்." சோற்றை மிச்சம் வைத்தால் அடி விழும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது பெரிய அதிசயம். நான் இதை மனப்பாடமே செய்துவிட்டேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வாரக் கடைசியில் மாமா கிளம்ப வேண்டும். மேசையில் புளியங்கொட்டை இல்லை. ஒரு பெரிய கிண்ணத்தில் நூடுல்ஸ் ஆவி பறக்க இருந்தது, கோஸும் கேரட்டும் போட்டு, மேலே முட்டை. மாமாவுக்கு முன்னால் ஒரு தட்டு, இரண்டு குச்சிகள்.

"இன்னிக்கிப் பரீட்ச" என்றார் மிஸ். அவர் குரல் வழக்கம் போல இல்லை.

மாமா குச்சியைத் தொடவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் போலீஸ்காரியாக முறைத்தேன். "எங்க ஊட்டுல ஒரு பழக்கம் இருக்குதுங்க" என்று இழுத்தார்.

"தெரியும். மொத நாளே கேசரி திரும்பி வந்துச்சே" என்றார் மிஸ். பிறகு தன் குச்சியால் கொஞ்சம் எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார். "விருந்தாளிக்கு இப்புடித்தான் வெப்பாங்க. வேணான்னா எழுந்திரிச்சிப் போயிடலாம். நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மூலையில் பேப்பர் கீழே இறங்கியது. ரயில்வே கார்டு மகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். மாமா குச்சியை எடுத்தார். ஒரு இழைகூடச் சிந்தாமல் சாப்பிட்டார். நான் மலைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் முடிவில் அவர் செய்த காரியம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் ஒரு துணுக்குக்கூட விடாமல் வழித்துவிட்டார். மிஸ் மறுபடி வைத்தார். மறுபடியும் காலி. மேலும் வைத்தார். அதையும் காலி செய்துவிட்டுக் குச்சிகளை ஒழுங்காகப் பக்கத்தில் வைத்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவருக்கு உறைக்கவே இல்லை. மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போனார். ஆசையாகச் சொல்லிக் கொடுத்த மாணவன் இப்படிக் கவிழ்த்துவிட்டானே என்ற வருத்தம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கடமையைச் செய்தேன். "அம்மா, மாமா அங்க சாப்ட்டாரு. அதுவும் மிச்சம் வெக்காம எல்லாத்தயும் காலி பண்ணிட்டாரு. பெயில்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "கை நனைச்சியாடா?"

"கை நனையலக்கா. குச்சியிலதான் சாப்ட்டேன்" என்றார் மாமா.

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தான் வளர்த்த தம்பி தன்னைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்தப் பொண்ணு வெச்சாளா, இவனா எடுத்துத் தின்னானா?" என்று என்னிடம் கேட்டார். மிஸ்தான் வைத்தார் என்றேன். அம்மா தலையசைத்துவிட்டுப் போனை எடுத்தார். "சம்பந்தி" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. விருத்தாசலத்துக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாராம்.

மாமா கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோரும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். இலை போட்டுச் சாப்பிட்டோம், எனக்குக் கேசரி இரண்டு முறை கிடைத்தது. பெரியவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும்தான் மாமாவின் பயணத்தை நினைத்துக் கவலையோடு இருந்தேன். விடைபெறும்போது வாசலில் மாமாவும் மிஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நான் மாமாவின் சட்டையை இழுத்துச் சொன்னேன்:

"மாமா, அங்கயாவது கொஞ்சம் மிச்சம் வையிங்க."

"அங்க கண்டிப்பா வெக்கிறேன் பாப்பா" என்றார் மாமா.

மிஸ் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விடிந்தால் விமானம் ஏறப்போகிறவர் இருந்ததிலேயே முக்கியமான பாடத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார். சொல்லிக் கொடுத்தவர் அதைத் திருத்தாமல் நின்று சிரிக்கிறார். மாமா திரும்பி வரும்வரை, சீனாவில் மேனேஜரின் மானம் என்ன ஆயிற்றோ என்று நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன்.