அரை பிளேடும் ஒரு குறுக்கெழுத்தும்

பதினைந்து நாளைக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நான் ஒரு திருட்டுச் செய்தேன்.

பதறாதீர்கள். பீரோவை உடைக்கவில்லை. யார் கழுத்துச் சங்கிலியையும் அறுக்கவில்லை. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாசகசாலை இருக்கிறதே... அங்கே மேஜை மேல் கிடந்த இங்கிலீஷ் பேப்பரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். பென்சில் சீவுவதற்காக நான் வைத்திருக்கும் அரை பிளேடு கைகொடுத்தது.

அன்றைய குறுக்கெழுத்து. அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

இந்தக் குறுக்கெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வாரப் பத்திரிகைகளில் பரிசும் கூப்பனுமாக வருகிறதே, அந்த ஜாதி இல்லை இது. இதற்குப் பரிசே கிடையாது. தினமும் வரும், மறுநாள் விடை வரும். ஆனால் லண்டனில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறவன் இருக்கிறானே, நேர்மையாக ஒரு வார்த்தை பேச மாட்டான்! 'பூ' என்று எழுதியிருப்பான். விடை ஒரு நதியின் பெயராக இருக்கும். கல்யாணத்தைப் பற்றிக் கேட்பது போலிருக்கும். விடை கசாப்புக் கடையில் கிடக்கும். ஏன், எப்படி என்று கேட்காதீர்கள். விளக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நாலைந்து பேர் கூடுவோம். பேப்பரில் யாரும் பென்சில் வைக்கக் கூடாது, பொதுச் சொத்து. ஒருவர் குறிப்பை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் யோசிப்போம், கத்துவோம், ஒருவர் விடையை மற்றவர் பரிகாசம் செய்வோம். ஆறு மணிக்கு முன்னால் யாரும் அந்த மூலையைப் பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. எழுதி வைத்த சட்டமில்லை. கௌரவம்.

அந்தச் சபையில் நான்தான் புலி. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் ஹெட் கிளார்க். வெள்ளைக்கார மானேஜர்களுக்கு இருபது வருஷம் கடிதம் எழுதிக் கொடுத்தவன். இந்தப் பத்தியை வேறு வாராவாரம் எழுதுகிறேன். கேட்க வேண்டுமா கர்வத்துக்கு?

எனக்குப் போட்டி தேவசகாயம் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறு விற்கிறார். வாசகசாலையைத் தன் கைக்காசில் ஆரம்பித்தவர். அதற்குச் செகரெட்டரியும் அவரே. கடை எதிரில்தான் என்பதால் காலையில் கதவைத் திறந்து பேப்பரை மேஜை மேல் போட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போய்விடுவார். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சந்தேகம் வரும்.

அந்த வியாழக்கிழமை அவர் ஆறு விடை சொன்னார். நான் ஒன்று. அதுவும் தப்பு.

"என்ன சார், சரக்கு தீந்துட்டோ?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகிற வழியில்தான் பிளேடு வேலை. திட்டம் என்ன தெரியுமா? ஆபீசில் வைத்துச் சாவகாசமாக எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவது. ஐந்தரைக்கெல்லாம் வந்து, துண்டை இருந்த இடத்திலேயே ஒட்டிவிடுவது. ஆறு மணிக்கு, அப்போதுதான் தோன்றுவது போல் நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு விடையாக எடுத்துவிடுவது! ஆபீஸ் கோந்து பாட்டிலைக்கூடப் பையில் போட்டுக்கொண்டேன். சொந்தமாகப் பேப்பர் வாங்கக் காசில்லையா? இருந்தது. வாசகசாலையில் சும்மா கிடக்கும்போது எதற்கு வாங்குவது என்கிற புத்திதான்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கப்பல் வந்து தொலைத்தது. காகிதங்களில் கையெழுத்து வாங்கி நான் வாசகசாலைக்கு வந்து சேரும்போது ஆறே கால்.

உள்ளே அண்ணாச்சி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

எதிரில் ஏழுமலை நின்றிருந்தார். வியாசர்பாடிக்காரர். முப்பது வயதிருக்கும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போனவர். பத்து நாளாக மத்தியானத்தில் வந்து, நாங்கள் கூடும் வரை இங்கிலீஷ் பேப்பரில் விரல் வைத்து எழுத்துக்கூட்டி எதையோ தேடுவார். நாங்கள் எல்லாரும் அவரை 'நீ' என்போம், 'வா' என்போம். அவர் எங்களை 'சார்' என்பார். அது எங்களில் யாருக்கும் உறைத்ததில்லை.

"ஏலே, அன்னைக்கு ஒரு விளம்பரத்தைக் கிழிச்சுக்கிடட்டுமான்னு கேட்டவன் நீதானே? நான் மாட்டேன்னதும் திருட்டுத்தனமா வெட்டிட்ட, என்ன?" என்று அண்ணாச்சி மேஜையைத் தட்டினார்.

"நான் இன்னாத்துக்கு சார் வெட்டப் போறேன்?" என்றார் ஏழுமலை. "ஒர்க்‌ஷாப்பு வேலைக்கு டெஸ்ட்டு எய்திக்கினு கீறேன். பேப்பர்ல நம்பரு போடறேன்னாங்க. நூத்திப் பதினேழு. அந்தப் பக்கத்துலதான் சார் போடுவான்! என் நம்பரு வர்ற எடத்த நானே வெட்டுவனா? பேப்பர்ல ஓட்ட கீதுன்னு நாந்தானே சார் வந்து சொன்னேன்?"

எவ்வளவு நேரான பேச்சு பாருங்கள். ஒளிவு மறைவு இல்லை. லண்டன்காரன் குறிப்புக்குள் ஒளித்து வைப்பதைத் தோண்டி எடுக்கும் மேதைகள் நாங்கள்... எதிரில் நிற்கிற மனுஷன் சொன்ன சாதாரண உண்மை எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

விளங்கவில்லை என்று என்னைச் சேர்த்துச் சொல்வது பொய். எனக்கு விளங்கியது. துண்டு என் சட்டைப் பையில் இருந்தது.

"திருட்டுப் பய. இனி இந்தப் படி ஏறக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

ஏழுமலை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்... தொண்டையைச் செருமிக்கொண்டு மூடிவிட்டேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படி இறங்கிய பிறகு போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முழுவதும் அந்தத் துண்டை நான் தொடவில்லை. பயம்தான். திருப்பிப் பார்த்தால் ஏதாவது இருந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி பையிலிருந்து துண்டை உருவினாள். "இது வேணுமா? பின்னாடி என்னமோ வரிசையா நம்பரா இருக்கே" என்றாள்.

இருந்தது. மூன்றாவது வரியில், நூற்றுப் பதினேழு. தேர்வானவர்கள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சர்டிபிகேட்டுகளோடு நேரில் வர வேண்டும். வராதவர்களின் இடம் அடுத்தவர்களுக்குப் போகும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டையைக் கீழே வைத்தாள். "இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

வியாசர்பாடியில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கும்போது உச்சி வெயில். ஒற்றை அறை வீடு. அவர் மனைவி ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்: 'ஏழுமலை, வெட்டினது நான்தான். மன்னிச்சுக்கோங்க.' என்ன பெரிய விஷயம்? இரண்டு வாக்கியம்!

ஆனால் வாயில் வந்தது என்ன? "வேற ஒரு பேப்பர்ல பார்த்தேன். உங்க நம்பர் வந்திருக்கு. நாளைக்குக் காலையில போகணும்."

"ஏய், நம்ம நம்பரு வந்துகீதாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏழுமலை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வெயில்ல வந்து சொல்லணும்னு உனுக்கு இன்னா சார் தலையெய்த்து? அன்னைக்கு மனசே வுட்டுப் போச்சு. வேற எடத்துல போய் பேப்பரு பாக்கணும்னு கூடத் தோணல. ஒரே ஒரு ஒத்தாச பண்ணு சார். செகரெட்டரியாண்ட சொல்லு. நான் வெட்டல. வேல கெடக்குது சார், இன்னிக்கு இல்லாங்காட்டி நாளைக்கு. திருடன்னு நாலு பேரு எதிர்ல சொல்லிட்டாரே..."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "சொன்னீங்களா?"

"நம்பரைச் சொல்லிட்டேன்."

"நான் நம்பரைக் கேக்கலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கயிற்றுக் கடைக்கே போனேன். "அண்ணாச்சி, அந்தப் பேப்பரை வெட்டினது நான்தான்" என்றேன். ஒரே மூச்சில்.

அண்ணாச்சி என்னை ஒரு விநாடி பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"நீங்களா சார்! அட, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வெட்டித் தந்திருப்பனே! படிச்ச மனுசங்களுக்கு ஒரு கிறுக்கு இருக்கத்தானே செய்யும்?" என்றவர், தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சாருக்கு ஒரு டீ, ஸ்ட்ராங்கா!"

"ஏழுமலையைத் திருடன்னு சொன்னீங்களே அண்ணாச்சி... அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை..."

"அவனா? வந்தா வரட்டும், நானா வேண்டாங்கேன்? அதையெல்லாம் அவனுவ மனசுல வச்சுக்கிடவா போறானுவ? விடுங்க சார். டீ ஆறுது பாருங்க."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை என்று சொன்னேனே, இப்போதும் சொல்கிறேன். அதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. ஒரே குற்றம். செய்யாதவருக்குச் சந்தேகம் ஒன்றே போதும், தண்டனை கிடைத்துவிட்டது. செய்தவன் ஒப்புக்கொண்டாலும் ஸ்ட்ராங் டீ. நடுவில் என்ன வித்தியாசம்? என் சட்டை இஸ்திரி போட்டது, அவ்வளவுதான்.

அந்த டீயை நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? குடித்தேன். அதோடு விட்டேனா? ஆறு மணிக்கு அவரோடு போய் உட்கார்ந்து, அன்றைய குறுக்கெழுத்தில் மூன்று விடை வேறு சொன்னேன். மூன்றும் சரி. எல்லாரும் பாராட்டினார்கள்.

ஏழுமலைக்கு வேலை கிடைத்துவிட்டது. முந்தாநாள் யானைக்கவுனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டார். வாசகசாலைக்கு அவர் வருவதில்லை.

"செகரெட்டரியாண்ட சொல்ட்டியா சார்?"

"சொல்லிட்டேன். நீங்க வெட்டலைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அது போதும் சார்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "வாராவாரம் நீ எய்தறத எங்கூட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டுறேன் சார். நம்ம வூட்டாண்ட வந்த சாருதான் இவருன்னு சொன்னா, அது நம்பவே மாட்டேங்குது!" சைக்கிளில் ஏறப் போனவர் திரும்பினார். "ஆமா சார், அப்போ வெட்னது யாரு?"

பஸ் வந்துவிட்டது. என் பஸ் இல்லை. ஏறிவிட்டேன்.

ஏழுமலை, நீங்கள் கேட்டீர்களே... வெட்டியவன் பெயர், இந்தப் பத்தியை எழுதுகிறவன் பெயராக மேலேயே அச்சாகியிருக்கிறது. உங்கள் வீட்டம்மாவுக்கு அதையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.