நாடு மாறப் பூக் கேட்ட கதை

டப்ளினில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு எங்களுடையது. மேல்தட்டு ஒரு பிரேசில் தம்பதிக்கு, கீழ்த்தட்டு ஓர் ஐரிஷ் இளைஞனுக்கு. யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனால் என் தயிர்ப் பாத்திரம் தவறிப்போய் மேல்தட்டில் உட்கார்ந்துவிட்டால், மறுநாள் காலையில் அது சத்தமில்லாமல் நடுத்தட்டுக்குத் திரும்பியிருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க முடியாது. இருவரும் சம்பாதிக்கிறீர்கள், அப்புறம் எதற்கு ஓர் அறையும் ஒரு தட்டும் என்பார்கள். டப்ளின் வாடகை அப்படி. நான் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன், என் கணவர் சரவணன் உணவகத்தில் சமையல்காரர். தனி வீடு எடுத்தால் என் சம்பளம் வாடகைக்கு, அவர் சம்பளம் மற்ற எல்லாவற்றுக்கும் என்று ஆகிவிடும்.

தேடாமலும் இல்லை. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் தெருமுனை வரை வரிசை நிற்கும், எல்லோர் கையிலும் சம்பளச் சான்று. ஒருமுறை தரகரிடம் பேசும்போது எப்படியாவது மனதில் இடம்பிடிக்க வேண்டும் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' போட்டேன். கோயமுத்தூர்க்காரிக்கு மரியாதை இல்லாமல் வாய் திறக்க வராது, இங்கிலீஷில் 'ங்க' சேர்க்க வழியில்லை, சார்தான் கைவசம் இருந்தது. அவர் முகம் சிவந்து, என்னைக் கிண்டல் செய்கிறீர்களா என்று கேட்டார். ஐயோ இல்லை சார் என்றேன். அந்த வீடு அத்தோடு போயிற்று.

இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியவை. கடக்க முடியாதது அம்மா வந்துபோனது. அப்பா போன பிறகு கோயமுத்தூர் கணபதியில் இட்லி மாவுக்கடையைத் தனி ஆளாக நடத்துகிறவள் அவள். ஆசைப்பட்டு அவளை வரவழைத்துக் கூடத்தில் சோபாவை விரித்துப் படுக்கவைத்தோம். கூடம் எல்லோருக்கும் பொது, அதற்குக் கதவு கிடையாது. அந்த இளைஞன் அதிகாலையில் வேலைக்குப் போகக் கூடத்தைத் தாண்டித்தான் வருவான். அவனுக்கு முன்பாக எழுந்து, புடவை கட்டி, தலை வாரி, விருந்துக்கு வந்தவள்போல் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. குழந்தை பற்றிய பேச்சையும் அந்த வீட்டில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். தொட்டில் போட நடுத்தட்டில் இடமில்லையே.

அயர்லாந்து பாஸ்போர்ட் கிடைத்திருந்த நேரம் அது. ஐரோப்பாவுக்குள் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று அலுவலகம் சொன்னது. செலவு குறைந்த நாடாகத் தேடிப் போர்ச்சுகலின் வடக்கே பிராகா என்ற ஊருக்கு ஒரு வாரம் போய்ப் பார்த்தோம். டப்ளினில் எங்கள் ஓர் அறைக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த வாடகைக்கு அங்கே இரண்டு படுக்கையறை வீடு இருந்தது. ஜன்னலை அவர்களும் 'ஜனேலா' என்கிறார்கள். அந்த ஜனேலாவைத் திறந்து நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சரவணன் எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறைக்குக் கோயமுத்தூர் வந்த பிறகுதான் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தெரிந்தது. காந்திபுரத்தில் பழைய கூட்டாளிகளோடு டீ குடித்துவிட்டு வந்தவர், "இங்கயே வந்தரலாமா? அத்தையும் தனியா இருக்காங்க" என்றார். சித்தப்பா மகனும் அதே பாட்டைப் பாடினான். "ஏனுங்க்கா, செலவு கம்மியா இருக்கோணும்னா நம்மூரு இருக்குது. எதுக்குங்க்கா மூணாவதா ஒரு நாடு?"

நியாயமான கேள்விதான். என்னிடம் நியாயமான பதிலும் இருந்தது. இங்கே வந்தால் என் வேலை போய்விடும், புதிதாகத் தேட வேண்டும். ஆனால் வெளியே சொல்லாத பதில் வேறு. யாருடைய மகள், யாருடைய மருமகள், ஏன் இன்னும் விசேஷம் இல்லை என்று ஒருவரும் கேட்காத தெருவில் நடந்து எனக்குப் பழகிவிட்டது. அந்தத் தனிமை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சரவணனிடம் சொன்னதும் சண்டை மூண்டது. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம்.

அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். "ஏனுங் மாப்ள, ஏனம்மணி, இப்படி மொகத்தத் தூக்கி வெச்சுட்டு இருந்தா ஆச்சா? அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம், கெளம்புங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, முடிவெடுக்கத் திணறினால் பூக் கேட்பார்கள். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து, கலக்கி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்பதை மனதுக்குள் கேட்க வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் விடு. எனக்கு இதில் பாதி நம்பிக்கை, சரவணனுக்குக் கால்வாசி. ஆனாலும் காந்திபுரத்தில் பஸ் ஏறி, அன்னூர் பக்கம் அம்மா பிறந்த ஊருக்குப் போய், மாரியம்மன் முன்னால் மூவரும் கண்ணை மூடி நின்றோம். அவ்வளவு பயத்தோடு நான் எந்தப் பரீட்சைக்கும் உட்கார்ந்ததில்லை.

பூசாரி இலையைப் பிரித்தார். "வெள்ளைங்க. அம்மன் உத்தரவு குடுத்துட்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் சரவணனும் மலர்ந்த முகமாக இருந்தார். "சரவணம்பட்டிப் பக்கம் ஊடு பாக்கலாமா?" என்றார்.

"எதுக்கு ஊடு? அதான் போர்ச்சுகல் போகச் சொல்லி வெள்ளை வந்துருச்சே."

"நான் ஊருக்குத் திரும்பி வரலாமான்னுதான கேட்டேன்!"

ஒரு பூவுக்கு ஆளுக்கொரு கேள்வி. என்ன கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ள மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எங்கள் குரல் உயர்ந்தது. கடைசியில் நீதி கேட்டு அம்மாவிடம் திரும்பினேன். "நீ என்னம்மா கேட்டே?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோடை லீவுல பாதி ஊடு பூட்டிக் கெடக்கும், மாவு ஓடாது. ரெண்டு மாசம் கடையச் சாத்திப்போட்டு உங்ககூட வந்து இருந்துக்கலாமான்னு கேட்டேன். எந்த ஊருன்னு நான் சேத்தல."

சரவணன் அம்மா பக்கம் திரும்பினார். "அத்தை, நீங்க தனியா இருக்கறீங்கன்னுதானுங்க நான்…"

"மாப்ள, எனக்குக் கட இருக்குது, வேல இருக்குது. என்னையச் சாக்குச் சொல்லாதீங்க. உங்களுக்கு ஆசைன்னா ஆசைன்னு சொல்லுங்க."

"எனக்குத்தானுங்க ஆசை" என்றார் சரவணன். அத்தனை நாள் சண்டையில் அவர் சொல்லாத வார்த்தை. கேட்டதும் என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கணபதி வருவதற்குள் பேசி முடித்தோம். முதலில் பிராகா. ஒரு வருஷம் இருந்து பார்ப்பது. அவருக்கு ஒட்டவில்லை என்றால், நான் முணுமுணுக்காமல் மூட்டை கட்டுவது. பூ சொன்னதா, நாங்களே சொன்னதா, அது அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

இப்போது பிராகாவில் இருந்து எழுதுகிறேன். சந்தையில் கொத்தமல்லி கட்டுக்கட்டாகக் கிடைப்பதைப் பார்த்த அன்றே சரவணன் பாதி சமாதானம் ஆகிவிட்டார். மீதிப் பாதி இன்னும் காந்திபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது, அதை நான் அவசரப்படுத்துவதில்லை. அம்மா சொன்னபடி கடையைச் சாத்திவிட்டு வந்தாள். கீழ்வீட்டு டோனா லூர்தெஸ் முதல் நாளே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட, "ஏனுங், எனக்கு ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது" என்று, காய்ச்சல் பார்ப்பதாக நினைத்து அம்மா தமிழிலேயே பதறினாள். அந்த அம்மாள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கொடுத்தார். இரண்டாவது அறையில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வெயில் ஏறும்வரை தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கம்மா பூட்டு என்றேன். "கடையத் தெறந்து போட்டுட்டா வந்தேன்? இதும் என்ர ரூமுதான?" என்று போய்விட்டாள். சாவி இப்போது கணபதியில், கடைச்சாவிக் கொத்தோடு ஆணியில் தொங்குகிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, என் கம்பளிக் கோட்டு அந்த அறை அலமாரிக்குள் இருக்கிறது. ஃபோனில் கெஞ்சிப் பார்த்தேன். "லீவு விட்டதும் வந்து தெறக்கறேன் கண்ணு. அது வரைக்கும் மாப்ளையோட கோட்டப் போட்டுக்க" என்றாள். சரவணன் கோட்டு எனக்கு முழங்காலுக்குக் கீழே வருகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போய்வருகிறேன். பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த அறை இப்போதைக்குக் கோயமுத்தூரில் இருக்கிறது, கோடையில் இங்கே வரும்.