அட்டன் கடைவீதியிலிருந்து கடல் தாண்டிய சரக்குகள்

ஒரு சரக்கு கடல் தாண்ட ஒரு கப்பல் போதும். அது கப்பலில் ஏறத்தான் ஆறு படிவம் வேண்டும். அந்த ஆறையும் நிரப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்துவிட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடை மாடியில் டைப்ரைட்டரோடு வந்து உட்கார்ந்தேன். வேலையை விட்ட பிறகும் எல்லாருக்கும் நான் கிளாக்கரையாதான். பெரிய கம்பெனிகளுக்குக் கொழும்பில் ஆள் உண்டு. சின்னக் கடைக்காரர்களுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அரசாங்கப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலாவது புரியுமா என்று யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் எனக்கு உறவுக்காரர். இங்கே சொல்வதெல்லாம் அவருக்காகத்தான்.

ஒன்றேகால் வளையல்

கருப்பையாவின் வளையல் கடை எங்கள் மாடிக்கு எதிரே இருந்தது. தீபாவளிக்கு மதராஸிலிருந்து கண்ணாடி வளையல் வரவழைக்க அனுமதி வாங்கிக் கொடுத்து, தந்தியும் நானே எழுதினேன். பன்னிரண்டு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் அத்தனையும் கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. இரண்டேகால் அங்குலம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றேகால் என்று எழுதியிருக்கிறேன். அந்த வருஷத்து அனுமதி அத்தோடு சரி. கருப்பையா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கிளம்பிவிட்டார். கொழுந்து பறிக்கிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா வாசலில், அவர்கள் பால் கொடுக்க வருகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்தார். தனக்கு வாங்க யோசிக்கிற எந்தத் தாயும் பிள்ளைக்கு வாங்க யோசிக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பெட்டிகள் காலி. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். கருப்பையா சொன்னார்: "அடுத்த வருஷமும் நீங்களே எழுதுங்க கிளாக்கரையா. ஆனா சரியா எழுதிப்புடாதீங்க."

மெனிக்கேயின் ஏலக்காய்

கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பெண் மெனிக்கே. புருஷன் இறந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏலக்காய்த் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டாள். ஊர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், "வெளிநாட்டுக்கு நேரா அனுப்ப ஏலாதா மாத்தையா?" என்று வந்து நின்றாள். லண்டனில் ஒரு வாசனைச் சரக்குக் கடைக்குக் கடிதம் எழுதி, மாதிரி கொஞ்சம் அனுப்பச் சொன்னேன். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு காயும் ஒரே நீளம், ஒரே பச்சை. அங்கேயே நான் தடுத்திருக்க வேண்டும்.

பதில் வந்தது. மூன்று சாக்கு வேண்டும், எல்லாம் மாதிரியைப் போலவே இருக்க வேண்டும். "கொஞ்சம் பெரிசும் சிறிசுமா இருக்கும்னு எழுதிடறேன், ஒத்துக்குவாங்க" என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், மேலே தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து நம் பெண்கள் நாலு பேர் என்று எல்லாரையும் முற்றத்தில் உட்காரவைத்துப் பதினோரு நாள் பொறுக்கினாள். நான் போய்ப் பார்த்தபோது அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டேன். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்த நேரம் ஒரு மொகம் காட்டினது. கல்யாணத்துக்கு வேற மொகம் காட்ட ஏலுமா மாத்தையா?"

துறைமுகத்தில் ஒரு கச்சேரி

பூண்டுலோயாவில் சண்முகம் ஒரு சின்ன மேளக்கடை வைத்திருந்தார். தோட்டத்துக் கோயில்களுக்கெல்லாம் தவில், நாதஸ்வரம் பழுது பார்ப்பது அவர்தான். நன்றாக வாசிக்கவும் செய்வார். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி நாணல் தட்டையில் செய்தது. அது தஞ்சாவூர்ப் பக்கமிருந்துதான் வரவேண்டும். ஒரு பங்குனியில் இரண்டு டஜன் சீவாளி கொழும்புத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஏழு தோட்டத்தில் திருவிழா. நாலு நாள்தான் இருந்தது. நானும் சண்முகமும் ரயிலேறினோம்.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். "இது காய்ஞ்ச புல்லு. பூச்சி இருக்கோ எண்டு பாக்கவேணும். மூண்டு கிழமை செல்லும்" என்றார். நான் வாத்தியத்தின் உறுப்பு என்று ஆங்கிலத்தில் அரைமணி நேரம் வாதாடினேன். சண்முகம் துணியில் சுற்றியிருந்த நாதஸ்வரத்தை எடுத்தார். பொட்டலத்திலிருந்து ஒரு சீவாளியை உருவி, அதிகாரியின் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையில் நனைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து அவர் ஊதிய ஊதலில் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். அதிகாரி முத்திரையை எடுத்துக் குத்தியபடி சொன்னார்: "காணும், காணும். இன்னும் ரெண்டு நிமிஷம் வாசிச்சால் நான் ஆருக்காவது தாலி கட்டிப் போடுவன். கொண்டு போங்கோ."

கைத்தடிக்கு எந்த ஊர்

தலவாக்கலை ஆரோக்கியம் தச்சு வேலைக்காரர். வயதாகிப் பிடுங்கி எறிந்த தேயிலைச் செடியின் கட்டையில் கைத்தடி செய்வார். முடிச்சும் வளைவுமாக, பாம்பு நெளிகிற மாதிரி இருக்கும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தொரை ஒன்றை எடுத்துப் போக, அங்கே ஒரு கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூன்று டஜன் கேட்டு எழுதியிருந்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி: செய்தவர் எந்த நாட்டவர்? ஆரோக்கியம் பிறந்தது தோட்டத்து லயத்தில். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஆதாரம் போதாது என்று திரும்பி வந்திருந்தது. இரண்டையும் எழுதியது நான்தான். டைப்ரைட்டரில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். கடைசியில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். அதிகாரி இதைக் காரணம் காட்டி அனுமதி தர மாட்டேன் என்றால், நாலு மாத வேலை வீண். அவர் அதற்குள் தடிகளை இழைத்து முடித்திருந்தார்.

நல்லவேளை, யாரும் அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை. மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது. பெரிய சிவப்பு முத்திரை. இலங்கையில் விளைந்தது, இலங்கையில் செய்யப்பட்டது. ஆரோக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கம்பு இந்த ஊருதான்னு எழுதிக் குடுத்துட்டாங்க, சந்தோசம். அடுத்த தடவை என்னையும் ஒரு கம்புன்னு எழுதிப் பாருங்க கிளாக்கரையா."

இப்படிப் பதினைந்து வருஷம் எழுதியதில் என் கையெழுத்து லண்டன் வரைக்கும் போய்விட்டது, நான்தான் இன்னும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னாரைக்கூடப் பார்க்கவில்லை.