ஆர்த்திகா பாட்டுக்கு அருண்பாண்டி உரை

கோரிப்பாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் அருண்பாண்டிக்குக் கடைக்கு வெளியேயும் ஒரு தொழில் உண்டு. பாடகி ஆர்த்திகாவின் பாட்டுக்கு அர்த்தம் சொல்வதுதான் அது. அந்தம்மா யாருக்கும் பிடி கொடுக்காமல் எழுதிப் பாடுகிறவர். அவர் கிணறு என்று பாடினால், அருண்பாண்டி சட்டப்படி அது கிணறாக இருக்கவே கூடாது. டிஸ்ப்ளே மாற்ற வந்தவர்கள் தத்துவத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

வைகாசியில் கீழக்குயில்குடி மலைச்சாமியின் மகள் முத்துமீனாவைக் கட்டினான். பட்டென்று பேசுகிற பெண். உப்பு இல்லை என்று அவள் சொன்னால் டப்பாவில் உப்பு இல்லை, அவ்வளவுதான். அவனோ வாழ்க்கையே சப்பென்று ஆகிவிட்டதாக அவள் நினைக்கிறாளோ என்று நாள் முழுக்க யோசித்துவிட்டு, உப்பு வாங்காமல் வீடு வந்து சேர்வான்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை போய்க் கூட்டி வர வேண்டும். ஆவணி முதல் நாள் காலையில் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆர்த்திகாவின் வரி ஒன்று ஏறியிருந்தது: 'கதவு திறந்தே கிடக்கு, காத்து வந்தா வரட்டும்.'

தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், வந்து கூட்டிப் போய்யா என்று. அருண்பாண்டி அப்படி அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆர்த்திகா பாட்டில் கதவு என்றால் மனசு, காற்று என்றால் பழைய நினைவு. ஆகவே மீனா தனிமையை விரும்புகிறாள். பெண்டாட்டியின் தனிமையை மதிக்கத் தெரிந்தவன் மதுரை ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்தபோது அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பதிலுக்குத் தன் ஸ்டேட்டஸில் 'தூரமும் ஒரு வீடுதான்' என்ற வரியைப் போட்டான். கீழக்குயில்குடியில் மாப்பிள்ளைக்கென்று அடித்த கோழியை அன்று யாரும் தொடவில்லை.

அடுத்த வாரம் டீக்கடைக்காரர் பேயாண்டி கிளாசை நீட்டியபடி, "ஆவணி பொறந்து இம்புட்டு நாளாச்சு, இன்னும் பொண்டாட்டியக் கூப்பிடப் போகலையா மாப்ள? உங்க மாமனாரு பஞ்சாயத்துக்கு ஆள் சேக்குறாராம்ல" என்றார்.

அவன் போனை எடுத்துப் பார்த்தான். மீனாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கல்யாணப் படத்தைக் காணோம். அதற்கு எந்தப் பாட்டிலும் உரை கிடைக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். பசுமலை தாண்டிக் கீழக்குயில்குடி போய்ச் சேரும்வரை எங்கும் நிறுத்தவில்லை.

மலைச்சாமி வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மீனா வாசலுக்கு வந்தாள். அந்தக் கதவு இருக்கிறதே, அது வந்து, என்று அவன் ஆரம்பித்தான்.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களா, அர்த்தம் சொல்ல வந்தீங்களா?"

அவன் செருப்பைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"நேராச் சொன்னா உங்களுக்கு ஏறாதுன்னுதான் உங்க பாட்டுக்காரி வாயால சொன்னேன். அதுவும் ஏறல" என்றாள்.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான் அருண்பாண்டி. கல்யாணமான நாளிலிருந்து உரை தேவைப்படாத ஒரு வாக்கியத்தை அவன் பேசியது அப்போதுதான்.

மீனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு ஆர்த்திகா என்ன சொல்லியிருக்கிறார் என்று பழக்க தோஷத்தில் மனசு தேடப் போயிற்று. அதற்குள் உள்ளே பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவன் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.