விமானம் இறங்கும்வரை நின்ற பஸ்

சென்ற ஆண்டு தை மாதம், அலுவலக வேலையாகக் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வேலைக்கு நடுவே, வியன்னாவில் தனியாகத் தங்கிப் படிக்கும் மகளிடமிருந்து போன். குடல்வாலில் வீக்கமாம். அங்கத்திய நேரப்படி மதியம் இரண்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. "பயமா இருக்கும்மா" என்றாள்.

எதையும் எழுதிக் கணக்குப் பார்ப்பது என் பழக்கம். அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பவன், பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் மகன்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் தொள்ளாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உடனே கிளம்பினால், அவளை உள்ளே கொண்டுபோகும் முன் போய்விடலாம்.

போனில் சொன்னதும் மகன் கிளம்பிவிட்டான். "ஏறிட்டேன்மா. ஒரே பனிமூட்டம், எப்ப எடுப்பாங்கன்னு தெரியல" என்று செய்தி வந்தபோது, நான் மலைமேல் செம்மேட்டில் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. ஏறிய சிறிது நேரத்தில் சிக்னலும் போய்விட்டது.

பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருவர், மடியில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினார்.

"ஏனுங்க, வாந்தி வராப்பல இருக்குதுங்களா? மோந்து பாருங்க."

இல்லையென்று தலையாட்டினேன். கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரந்தானுங்களா? நாம மலையெறங்கறதுக்குள்ள பையன் எறங்கிருவானுங்க. கீழ ஒரு வளைவுல டவர் எடுக்கும், அங்க பாத்துக்கலாம்."

அவர் மகன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வடநாட்டுப் பக்கம் இருக்கிறானாம். அந்த வளைவில் பஸ் தினமும் ஒரு நிமிடம் நிற்குமாம். அப்போதுதான் மகனோடு பேசுவாராம்.

பஸ் நின்றது. எல்லோரும் போனை எடுத்தார்கள். என் போனில் எந்தச் செய்தியும் இல்லை. அவர் தன் போனை எடுக்கவே இல்லை. என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"தம்பி, செத்த நேரம் நில்லு சாமி. இவங்க பையன் ஏரோப்ளேன்ல வாரான்."

"ஏரோப்ளேன் எறங்கற வரைக்கும் பஸ்ஸு நிக்கோணுமாக்கா? டைமாச்சு!"

"நேத்து உம்பட ஊட்டுக்காரிகூட எத்தன நேரம் பேசுன? அப்ப டைமாகலியா?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். விஷயம் பின் இருக்கைகள்வரை பரவி, பேச்சு அடங்கியது. யாரும் முணுமுணுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று, எப்போதும் நேரம் குறித்துவைக்கும் நான் அன்று பார்க்கவில்லை.

போன் அதிர்ந்தது. "வியன்னா வந்துட்டேன்மா. டாக்ஸில போறேன்."

"எறங்கிட்டானுங்க!" என்று அவர்தான் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அப்ப நாமளும் எறங்கலாமுங்களா?" என்றபடி கண்டக்டர் விசில் அடித்தார்.

அடிவாரம் வந்த பிறகுதான், அவர் அன்று தன் மகனோடு பேசவேயில்லை என்பது எனக்கு உறைத்தது. கேட்டேன். "அவன் நல்லாத்தான் இருக்கறான், நாளைக்குப் பேசிக்கறனுங்க" என்றார். உள்ளே கொண்டுபோகும் முன் மகள் அனுப்பிய படத்தை அவரிடம்தான் முதலில் காட்டினேன்: கட்டிலில் அவள், பக்கத்தில் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணன்.

இப்போதும் பிள்ளைகள் யாராவது விமானம் ஏறுகிறேன் என்று சொன்னால், என் மகன் தரையிறங்குவதற்காக மலை வளைவில் பேச்சடங்கிக் காத்திருந்த அந்த பஸ்ஸில் நான் மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.